வால்பாறைக் குரங்குகளுக்குப் பிஸ்கட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைக்கு வால்பாறை போகிறவர்களில் பலர் விலங்குகளைப் பார்க்கும் ஆசையோடுதான் மலையேறுகிறார்கள். ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, புதுத்தோட்டம் பக்கம் சாலையோரத்தில் சிங்கவால் குரங்குகளைக் கண்டதும் வண்டி நிற்கிறது. பிஸ்கட் பாக்கெட் பிரிகிறது, நாலு படம் எடுத்தாகிறது, பயணம் முடிந்தது. அந்தப் பிஸ்கட் என்ன கேடு செய்கிறது, அது இல்லாமலே இந்த மழைக்காட்டை எப்படிப் பார்க்கலாம் என்பதை வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

சோலைமந்தி என்றும் அழைக்கப்படும் இந்தக் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் வாழ்வதில்லை. கிளைவிட்டுக் கிளை தாவி, தரையைத் தொடாமலே நாளைக் கழிக்கக்கூடியது. வெடிப்பலா, அத்தி, பலா என்று பழம் தின்பதோடு, பட்டையைப் பிய்த்தும் காய்ந்த இலைச் சுருளைப் பிரித்தும் பூச்சி தேடுவதற்கே வெகுநேரம் செலவிடும். பெண் குரங்கு முதல் குட்டி ஈன ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும். அடுத்த குட்டிக்கு இரண்டரை, மூன்று ஆண்டு இடைவெளி. ஆகவே ஒரு தாய்க் குரங்கு சக்கரத்தில் சிக்கினால், அந்த இழப்பைக் கூட்டம் ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். சாலை கடக்கும் இடங்களில் தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். குரங்குகளும் அவற்றில் போகின்றன. ஆனால் கீழே தின்பண்டம் கிடைக்கும் என்று பழகிவிட்டால் பாலம் இருந்தும் தார்ச்சாலைக்குத்தான் இறங்கும். தின்பண்டம் கிடைக்காத நாளில் அதே கூட்டம் தொழிலாளர் குடியிருப்புகளில் கூரை ஓடுகளைப் பிரித்து இறங்குகிறது. அந்தக் கோபம் பிஸ்கட் போட்டவர் மேல் விழுவதில்லை, குரங்கின் மேல்தான் விழுகிறது.

கூட்டம் சாலையைக் கடக்கும்போது ஓட்டுநர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெரிய ஆண் குரங்கு கடந்ததும் வண்டியை எடுத்துவிடுகிறார்கள். குட்டியை வயிற்றில் சுமந்த தாய்களும் விளையாட்டுக் குட்டிகளும் பின்னால் தயங்கித் தயங்கி வரும். கடைசிக் குரங்கு மரமேறும்வரை ஐந்து நிமிடம் பொறுத்தால் போதும். ஆரன் அடித்தால் பாதிக் கூட்டம் திரும்பி ஓடும், குட்டிகள் நடுச்சாலையில் திகைத்து நிற்கும்.

சரி, காட்டை எப்படிப் பார்ப்பது? மழைக்காட்டில் விலங்கைத் தேடி நடப்பதைவிட, பழுத்த மரத்தைக் கண்டுபிடித்து நிற்பதே மேல். காலை ஆறரையிலிருந்து பத்து மணிவரை நல்ல நேரம். பாதையில் பாதி கடித்த பழமும் ஒடிந்த இலைக்கொத்தும் புதிதாகக் கிடந்தால் தலைக்கு மேலே ஏதோ தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். பழுத்த அத்தி ஒன்று அகப்பட்டால் சற்றுத் தள்ளி, மரத்தின் பாதியுயரம் தெரியும் மேட்டில் பேசாமல் அரைமணி நேரம் நில்லுங்கள். மலையணில், கருமந்திக் குரங்கு, பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை எல்லாம் ஒரே மரத்துக்கு வரும். நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், இலையைத் தவிர எதுவும் தெரியாது. வால்பாறையின் பல சோலைத்துண்டுகள் தனியார் எஸ்டேட்டுகளுக்குள் இருக்கின்றன. அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்வது நல்லது. எந்த மரம் பழுத்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

பெரிய இருவாச்சி வருவதைக் கண்ணுக்கு முன் காதே சொல்லிவிடும். இறகு காற்றைக் கிழிக்கும் சத்தம் வெகுதூரம் கேட்கும். கிளையில் அமர்ந்ததும் விழியைக் கவனியுங்கள்: சிவப்பாக இருந்தால் ஆண், வெளுப்பாக இருந்தால் பெண். கோடையில் பல கூடுகளில் குஞ்சு இருக்கும். பெண் மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைத் தன் எச்சத்தால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். ஆண் அந்தக் கீற்று வழியாக ஒவ்வொரு அத்திப்பழமாகக் கக்கி ஊட்டும். கூட்டுமரத்தடியில் ஆட்கள் கூடினால் ஆண் அருகில் வராமல் தூரத்திலேயே உட்கார்ந்துவிடும். உள்ளே இருப்பவை பட்டினி. யாரேனும் கூட்டைக் காட்டினால் நூறடிக்கு மேல் தள்ளி, மறைவில் நில்லுங்கள். கால்மணி நேரத்தில் ஆண் வராவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

பைனாகுலர் வாங்குவோர் 8x42 வாங்கட்டும்; எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம் என்று பொருள். சோலைக்குள் வெளிச்சம் குறைவு. 42ஐ எட்டால் வகுத்தால் ஐந்து மி.மீ.க்குச் சற்று மேல். அந்த அகலத்தில் ஒளி கண்ணுக்கு வரும். சட்டைப்பையில் அடங்கும் 10x25இல் இரண்டரை மி.மீ.தான், நிழலில் குரங்கும் கிளையும் ஒன்றாகத் தெரியும். ஏ.சி. காரிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி பூத்துவிடும். பையிலேயே கால்மணி நேரம் வைத்திருந்து எடுக்க வேண்டும்.

கோடை மழை ஒன்று பெய்தாலே இரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி கிளம்பிவிடும். நெருக்கமாக நெய்த, முழங்கால்வரை வரும் காலுறையைப் பேன்ட்டுக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள். கடித்துவிட்டால் பிடுங்கவோ உப்புக் கொட்டவோ வேண்டாம். குடித்ததைக் காயத்துக்குள் கக்கிவிடலாம். அதன் ஒல்லியான முனையில் நகத்தை வைத்து நகர்த்தினால் விட்டுவிடும். இரத்தம் சற்று நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

யானை விஷயத்தில் விளையாட்டே கூடாது. யானை அருகில் நடமாடினால் எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் வால்பாறையில் பல இடங்களில் உள்ளன. இவை தொழிலாளர்களின் உயிர்காக்க வைக்கப்பட்டவை. விளக்கு எரிந்தால் அந்தத் திசையில் போகாமல் இருப்பதே சரி. யானையைப் பார்க்கலாம் என்று அங்கே போய் நிற்பவர், தேயிலை வரிசைக்குள் ஒதுங்கி நிற்கும் யானையை வழிமறிக்கிறார்.

ஆனைமலையில் உள்ள டாப்சிலிப்பையும் மழைக்காடு என்று நினைத்துப் போகிறார்கள். அங்கே பெரும்பகுதி தேக்கும் இலையுதிர் காடும்தான். காட்டுமாடு, மான் பார்க்க நல்ல இடம். பசுமைமாறாக் காடு வேண்டுவோர் அங்குள்ள கரியன் சோலைக்கு அனுமதி கிடைக்குமா என்று வனத்துறையிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வனத்துறைக்கும் நகராட்சிக்கும் சில வேண்டுகோள்கள். புதுத்தோட்டம் சாலையில் விடுமுறை நாட்களில் காலை முதல் மாலை வரை காவலர் நிற்க வேண்டும்; அறிவிப்புப் பலகை மட்டும் போதாது. குப்பைத் தொட்டிகளுக்குக் குரங்கு திறக்க முடியாத தாழ்ப்பாள் மூடி வேண்டும். பிஸ்கட் போடுபவர்களுக்கு அபராதம் விதிப்பதோடு, ஆழியாறு சோதனைச் சாவடியிலேயே ஒவ்வொரு வண்டிக்கும் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். சாவடியில் எப்படியும் வண்டிகள் நிற்கத்தான் செய்கின்றன. இந்த ஏப்ரலிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
காட்டுயிர் ஆர்வலர்கள்,
பொள்ளாச்சி.