முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர் காலமானால் எல்லாச் செலவையும் அரசே ஏற்கும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். பாதிதான் சரி. தகுதியுள்ளவருக்குத் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இடம், குழி தோண்டி மூடுவது, பெயர்க்கல், பராமரிப்பு எல்லாம் இலவசம். கணவன் அல்லது மனைவிக்கும் உண்டு, அஸ்தியையும் வைக்கலாம். ஃபியூனரல் ஹோம் (இறுதிச்சடங்கு ஏற்பாடு செய்யும் நிறுவனம்) பில், தகனச் செலவுதான் கையைக் கடிக்கும். அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்.

ராணுவப் பணியிலிருந்து விடுபட்டதற்கான சான்றான டிடி-214 எங்கே இருக்கிறதென்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். லாக்கரில் வைத்துவிட்டு சாவியை ஒளித்தால் யார் திறப்பது? முன்னாள் ராணுவத்தினர் நலத்துறைக்கு 40-10007 படிவம் அனுப்பி, உயிரோடு இருக்கும்போதே கல்லறை இடத்துக்கான தகுதியை உறுதிசெய்துகொள்ளலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்பவர்களை நம்பவேண்டாம்.