தையலுக்கும் கலைப் பக்கத்தில் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் ஓவியக் கண்காட்சி என்றால் செய்தி கலைப் பக்கத்தில் வருகிறது, வரைந்தவர் பெயர் தலைப்பிலேயே இருக்கிறது. எம்பிராய்டரி, துணி வேலை என்றால் மட்டும் மகளிர் இணைப்புக்குப் போய்விடுகிறது, சமையல் குறிப்புக்குப் பக்கத்தில், 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்ற தலைப்போடு. சம்பாதிப்பது நல்ல விஷயம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெண்கள் ஊசியால் செய்ததைக் கலை என்று எழுத ஏன் இவ்வளவு தயக்கம் என்றுதான் கேட்கிறேன்.

நான் கவின்கலை படிக்கும் மாணவி, ஊர் திருப்பூர். இறுதியாண்டு வேலையைத் துணியிலும் காகிதத்திலும் கொலாஜாக, அதாவது துண்டுகளை வெட்டிச் சேர்த்து உருவாக்கும் படமாக, செய்துகொண்டிருக்கிறேன். அடியில் பனியன் வேஸ்ட் துணி, எங்கள் ஊரில் மெஷின் துடைக்கக் கிலோ கணக்கில் விற்பார்களே, அதுதான். அதன்மேல் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் 'மணமகள் தேவை' விளம்பரங்களை வெட்டி வைத்துத் தைக்கிறேன். சிவந்த நிறம், குடும்பப் பாங்கான, நல்ல உயரம். ஊர் மாறுகிறது, சாதி மாறுகிறது, மாப்பிள்ளையின் சம்பளம் மாறுகிறது, பெண்ணிடம் கேட்பது மட்டும் அப்படியே இருக்கிறது. ஒன்றன்கீழ் ஒன்றாகத் தைத்து வீட்டுச் சுவரில் மாட்டியபோது நான் எந்த விளக்கமும் சொல்லவில்லை, பார்க்க வந்த அத்தையும் பக்கத்து வீட்டு அக்காக்களும் நின்று படித்துவிட்டு, தங்களைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்னவெல்லாம் கேட்டார்கள் என்று தாங்களாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பெண்ணியம் என்று நாங்கள் வகுப்பில் படிப்பது அன்றைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது.

கல்லூரியில் இதே வேலையைக் காட்டியபோது ஓர் ஆசிரியர், "இது கைவேலைதானே, பெயின்டிங் எங்கே?" என்றார். அவர் ஒருவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்தப் பேச்சுக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. ஜெர்மனியில் 1919-ல் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளி ஆண் பெண் வேறுபாடு இல்லை என்று சொல்லித்தான் பெண்களைச் சேர்த்தது, சேர்ந்த பிறகு பெரும்பாலானவர்களை நெசவுப் பிரிவுக்கு அனுப்பிவிட்டது. அப்படிப் போனவர்களில் ஒருவரான ஆனி ஆல்பர்ஸின் நெசவுகளுக்கு 1949-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகமே தனிக் கண்காட்சி வைத்தது.

அந்தக் காலக் கலைஞர்களில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானவர் ஜெர்மன் கலைஞர் ஹன்னா ஹோஹ். பெர்லினில் 1916 முதல் 1926 வரை உல்ஸ்டைன் என்ற பெரிய பத்திரிகை நிறுவனத்தில் வேலை பார்த்தார், பெண்கள் இதழ்களுக்கு எம்பிராய்டரி, லேஸ் டிசைன் போட்டுத் தருவதுதான் வேலை. அந்த வேலையில் இருக்கும்போதே பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிக் கொலாஜும் செய்தார். 1919-ல் ஜெர்மனியில் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள் இல்லையா, அந்தச் சமயத்தில் அவர் செய்த பெரிய கொலாஜில், கீழே வலது மூலையில், பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த நாடுகளின் வரைபடத்தை ஒட்டி, அதன் ஓரத்தில் தன் முகத்தையும் சின்னதாக ஒட்டியிருக்கிறார். மறு ஆண்டு, பழைய கலை மரபுகளையெல்லாம் எதிர்த்த 'டாடா' என்ற கலைஞர் குழுவின் கண்காட்சியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்த்தது அதே குழுவின் ஆண்கள்தான். புரட்சி பேசியவர்கள்! படிக்கும்போது கோபம் வருகிறது, இன்றைக்கும் வருகிறது.

அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர் ஃபெய்த் ரிங்கோல்ட், தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாகப் போட யாரும் முன்வராததால், ஒட்டுத்துணிப் போர்வைகளில் எழுதத் தொடங்கினார். அவருடைய முதல் போர்வை, 1980-ல், உடை வடிவமைப்பாளரான தன் அம்மாவோடு சேர்ந்து செய்தது. சிலியில் பினோசேயின் ராணுவ ஆட்சி 1973-ல் வந்தபின், கணவனையும் பிள்ளையையும் ராணுவம் கொண்டுபோய்விட்ட பெண்கள், பழைய துணித் துண்டுகளைச் சாக்கின்மேல் தைத்து நடந்ததையெல்லாம் காட்டினார்கள். தேவாலய அமைப்பு ஒன்றின் உதவியோடு அவை வெளிநாடுகளுக்குப் போயின. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தோடு ஈழத்துத் தாய்மார்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிலி வேலைகளில் பலவற்றில் பெயர் கிடையாது, பெயர் போட்டால் உயிருக்கு ஆபத்து.

நம் ஊரில் அப்படி எந்த ஆபத்தும் இல்லையே, பிறகு ஏன் பெயர் இல்லை? நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அதைப் பற்றிய செய்திகளில் நான் பார்த்த படங்களுக்குக் கீழே 'தோடர் இனப் பெண்' என்றுதான் இருக்கிறது, தைத்தவரின் பெயர் இல்லை. ஓவியர் ஒருவரின் படத்துக்குக் கீழே 'தஞ்சாவூர் ஆண்' என்று போடுவோமா?

அதனால் கேட்கிறேன். துணி வேலைக் கண்காட்சிகளைக் கலைப் பக்கத்தில் போடுங்கள், ஓவியத்தை விமர்சிப்பது போலவே விமர்சியுங்கள், நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே எழுதுங்கள், எங்களுக்கு அதுவும் வேண்டும். படம் போட்டால் செய்தவர் பெயரைக் கேட்டுப் போடுங்கள். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் டெக்ஸ்டைல் தனிப் பாடப்பிரிவாகவே இருக்கிறது, மாணவர் கண்காட்சிக்கு வரும் நிருபர் அந்தப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும்.

என் அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர். என் கொலாஜின் ஓரம் முழுக்க ஓவர்லாக் அடித்ததும் துணி பிரியாமல் இருக்க எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். காட்சிக்கு வைக்கும்போது அட்டையில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கும். உங்கள் நாளிதழிலிருந்து யாராவது வந்தால் இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கவின்கலை மாணவி,
திருப்பூர்