கருவாட்டுப் பார்சல் இப்ப இல்லை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகன்,

நீ கேட்ட கட்டாக் கருவாடு அலுமாரிக்குள்ளேயே இருக்குது. உன் உடற்கட்டுப் போட்டி முடியும்வரைக்கும் அனுப்பமாட்டன். கருவாடு கூடாதென்றில்லை. ஒரு துண்டில் எவ்வளவு உப்பு ஊறியிருக்கென்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைசிக் கிழமையில் உப்பு நாளுக்கு நாள் கூடிக் குறைந்தால்தான் உடம்பு குழம்பும்.

ஜிம்மில் உப்பை அறவே விடச் சொன்னார்களாமே. விடாதே. விட்டால் ஒன்றிரண்டு நாளில் அல்டோஸ்டெரோன் ஹோர்மோன் ஏறி, சிறுநீரகம் இருக்கிற சோடியத்தை இறுக்கிப் பிடிக்கும். இரத்தத்தின் அளவும் குறையும். பிறகு மேடைக்குப் பின்னால் என்ன தூக்கினாலும் நரம்பு புடைக்காது. தண்ணீரையும் விட்டால் இன்னும் மோசம். தசையில் முக்கால் பங்கு தண்ணீர். தோலுக்குக் கீழே இருக்கிறதை மட்டும் போ என்றால் போகாது, தசையும் சேர்ந்து வற்றித் தட்டையாய் நிற்பாய். வயிற்றில் கோடு விழவில்லையென்றால் அது பெரும்பாலும் தண்ணீரே இல்லை, கரையாத கொழுப்பு. அதுக்கு ஒரு கிழமையில் வைத்தியமில்லை.

கறியை உப்பில்லாமல் ஆக்கி, உப்பைச் சின்னத் தராசில் நிறுத்துத் தட்டில் போடு. இப்ப நாளுக்கு 8 கிராம் போகுதென்றால் கடைசி நாள்வரை அதே 8 கிராம். தண்ணீரும் அப்படித்தான், 4 லீட்டரென்றால் 4 லீட்டர். உப்பை விட்டுவிட்டு 10 லீட்டர் குடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். இரத்தத்தில் சோடியம் லீட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே நன்றாய் இறங்கினால் வலிப்பில் கொண்டுபோய் விடும்.

சனிக்கிழமை மேடையென்றால் வியாழனும் வெள்ளியும் மாச்சத்தை நாளுக்கு 500 கிராமுக்கு ஏற்று. 75 கிலோ ஆளுக்கு அது போதும். வெள்ளை அரிசியாய் மட்டும் பார்த்தால் பச்சையாய் நிறுத்து 625 கிராம் வரும். ஆறு வேளைக்குப் பிரி. கீரை, பயறு, வத்தாளங்கிழங்கு அந்த இரண்டு நாளும் வேண்டாம், வயிறு ஊதும். மாச்சத்து தசைக்குள் கிளைக்கோஜனாய்ச் சேரும். அதில் ஒவ்வொரு கிராமும் 3 கிராம் அளவு தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அதனால் நிறை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறும். இந்த இடத்தில்தான் கனபேர் தராசைப் பார்த்துப் பயந்து, சலம் போகிற குளிசைக்கு ஓடுகிறது. அந்தத் தண்ணீர் உனக்கு வேண்டிய தண்ணீர். ஆனால் நிறை பார்க்கிற நேரத்தை முதலே கேட்டு வை. வெள்ளி பின்னேரமென்றால் உன் பிரிவின் எல்லைக்கு ஒன்றரைக் கிலோ கீழே இருந்துதான் தொடங்க வேணும். இரண்டு கிழமைக்கு முதல் இதையெல்லாம் ஒருக்கால் ஒத்திகை பார், ஒரே வெளிச்சத்தில் படம் எடு.

மேடை நாளில் தண்ணீரை வேளைக்கு 200 மில்லிலீட்டராய் மிடறு மிடறாய்க் குடி. ஏறுகிறதுக்கு அரை மணித்தியாலம் முதல் கொஞ்சச் சோறு, அதில் ஒரு கிராம் உப்பு.

சலம் போகிற குளிசையை, டையூரெட்டிக் என்கிறதை, தொடவே கூடாது. அதில் புரூசமைட் என்கிறது பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போகும். ஸ்பைரோனோலக்டோன் என்கிறது நேர்மாறு, பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். அது தெரியாமல் மேலே பொட்டாசியம் குளிசையும் இளநியும் சேர்த்தால் இதயம் தாளம் தப்பும். இரத்தத்தில் பொட்டாசியம் லீட்டருக்கு 3.5-க்கும் 5 மில்லிமோலுக்கும் இடையில் நிற்கவேண்டிய சாமான். 1992-இல் நெதர்லாந்தில் போட்டியில் வென்ற கையோடு மொகமது பெனஸிஸா என்ற உடற்கட்டு வீரர் செத்துப்போனார். டையூரெட்டிக்கும் நீரிழப்பும்தான் காரணமென்று சொல்லப்பட்டது. நெஞ்சு படபடத்து விட்டு விட்டு அடித்தால், தலை சுற்றினால், சலம் போகாமல் இருந்தால், போட்டியை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. என்ன எடுத்தாயோ மறைக்காமல் சொல்லு.

இறங்கின அன்றிரவு கொத்துரொட்டியும் சோடாவும் என்று பாயாதே. காலையில் கணுக்கால் வீங்கிச் செருப்பு ஏறாது. இரண்டு நாள் வழக்கமான சாப்பாடு சாப்பிடு. செவ்வாய் இரவு பஸ்ஸில் கருவாட்டை ஏற்றி விடுகிறன்.

அம்மா