கரும்புச் சோகை உறிஞ்சிய எண்ணெயும் சதுப்பில் எழும் விடுதிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 ஜூலையில் எங்கள் மொரீஷியஸ் கரையோரப் பவளப்பாறையில் ஏறிய வகாஷியோ என்ற சரக்குக் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கசிந்தபோது, யாருக்கும் காத்திராமல் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து மிதவைகள் செய்தோம். (என் மனைவியின் பழைய சேலைகள் இரண்டு அதில் போயின, இன்றும் சொல்லிக்காட்டுகிறாள்.) சோகை எண்ணெயை உறிஞ்சியது. சதுப்பு நிலத்தில் மண்ணடித்து எழுப்பும் விடுதிகளை எது உறிஞ்சும்? ‘நீடித்த வளர்ச்சி’ என்று வாசலில் பலகை வேறு! மழைநீரை வாங்கிக்கொள்ளும் சதுப்பை மூடினால் அது எங்கே போகும்? போன மழையில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். சுற்றுலா வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மகனே விடுதிச் சமையற்காரன்தான். அதிகாரிகளே, அனுமதி கொடுக்குமுன் பக்கத்துத் தெருக்காரர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

– ஒரு வாசகர், மாஹேபூர், மொரீஷியஸ்