லாயத்துப் பதிவேட்டை ஒருமுறை திறந்து பாருங்கள்: எங்கள் குதிரையேற்றச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தை மாத இளையோர் போட்டியன்று நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும்; பந்தலின் முதல் வரிசையில் அமர்ந்திருந்தவர்களுக்கு அதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. விடுமுறைக்கு மட்டும் வந்துபோகும் ஒரு பிள்ளையை இளையோர் அணித் தலைவராக ஒலிபெருக்கியில் நீங்கள் அறிவித்தபோது, லாயத்துப் பக்கம் நின்றிருந்த 11 பிள்ளைகளும் கை தட்டியதையும் பார்த்திருப்பீர்கள். தட்டுங்கள் என்று அவர்களிடம் சொன்னவன் நான்தான். அப்படிச் சொன்னதற்காக அன்றிலிருந்து வருந்திக்கொண்டிருக்கிறேன். இந்த மடல் அந்த வருத்தத்தில் எழுதப்படுவது.

சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர்களில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊருணிக்கு மேற்கே இருக்கும் பொட்டலில் நீங்கள் சங்கம் தொடங்கியபோது, ஒரு குதிரையின் குளம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அழைத்தீர்கள். வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். என் பேத்தியும் அந்த 11 பேரில் ஒருத்தி. ஆகவே இது ஒரு தாத்தாவின் மனக்குறை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். என் பேத்திக்கு அந்தப் பதவி வேண்டாம். அடுத்த மாதம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, அதன்பின் எந்த ஊர்க் கல்லூரியோ தெரியாது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். இளையோர் அணித் தலைமையை, பிள்ளைகள் தங்கள் அன்றாட லாயப் பணியை எழுதிவைக்கும் லாயத்துப் பதிவேட்டைப் பார்த்துக் கொடுங்கள். நம் சங்கத்தின் விதிப் புத்தகமும், லாயப் பணியிலும் பயிற்சியிலும் முன்நிற்கும் பிள்ளைக்கே தலைமை என்றுதான் சொல்கிறது. அந்த விதியை எழுதியவர்களும் நீங்களே.

போட்டியன்று ஒரு பெண் நீக்கப்படக் காரணமான தலைக்கவச விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். சங்கத்திடம் இளையோருக்கென இருந்த தலைக்கவசங்கள் மூன்று. அவற்றில் ஒன்று ஐப்பசி மழையில் ஒரு பையன் வழுக்கி விழுந்தபோது அடிபட்டது. வெளியே கீறல் மட்டுமே தெரிந்தாலும், உள்ளேயிருக்கும் நுரைப் பகுதி ஓர் அடியைத்தான் முழுமையாக வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கிவிட்டால் அடுத்த அடியில் தலையைக் காக்காது. ஆகவே யாரும் தெரியாமல் எடுத்து அணிந்துவிடக் கூடாது என்று அதன் வாரை நானே வெட்டிப் போட்டேன், மறுநாளே செயலரிடம் எழுத்தில் தெரிவித்தேன். மீதி இரண்டில் ஒன்று சின்னப் பிள்ளைகளின் தலைக்கு மட்டுமே பொருந்தும். ஆக, 13 வயதுக்கு மேற்பட்ட ஏழு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு தலைக்கவசம். பயிற்சி நாட்களில் இதை அவர்கள் ஒரு குறையாகவே சொன்னதில்லை. ஒருவர் இறங்கியதும் அடுத்தவர் வாங்கி, உள்ளே வேர்வையைத் துடைத்து, தலை சிறியதாக இருந்தால் கைக்குட்டையை மடித்து வைத்து அணிந்துகொள்வார்கள். போட்டிக்கும் அதற்கேற்பவே வரிசை அமைத்தார்கள்: பெரிய பிள்ளை ஒருவர், சின்னப் பிள்ளை ஒருவர் என மாற்றி மாற்றி, தலைக்கவசம் கைமாற நேரம் இருக்கும்படி. அந்த வரிசையை எழுதியவள், ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவரின் 15 வயது மகள்.

போட்டியன்று காலையில் அந்த வரிசை மாறியது. விடுமுறைக்கு ஊர் வந்திருந்த நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள் நால்வரைச் சேர்க்க வேண்டியிருந்தது என்றும், வெயில் ஏறுமுன் அவர்கள் முடித்துவிட்டுப் போக வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. அவர்கள் நால்வரும் ஆளுக்கொரு புதுத் தலைக்கவசத்தோடு வந்திருந்தார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே, எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வர வேண்டும். ஆனால் வரிசை குலைந்ததில், அந்தப் பெண்ணின் முறை அவளுக்கு முன் தலைக்கவசம் அணிந்திருந்த பையனுக்கு அடுத்ததாகவே வந்துவிட்டது. அவன் தடைகளை முடித்துவிட்டுப் புளியமரத்துப் பக்க வாசலில் வெளியேறுகிறான். இவளோ எதிர்ப்பக்க வாசலில் செவலைக் குதிரையின் மேல், வெறுந்தலையோடு. மணி அடித்துவிட்டார்கள். அவன் குதித்து இறங்கி, கடிவாளத்தை யார் கையிலோ திணித்துவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பொட்டலைச் சுற்றி ஓடிவந்தான். அவ்வளவு வேகமாக அந்தப் பையன் பள்ளி ஓட்டப்பந்தயத்தில்கூட ஓடியதில்லை என்று அவன் தாய் பிறகு சொன்னார். அவள் அதை வாங்கி வாரை மாட்டிக்கொண்டிருக்கும்போதே, நேரம் கடந்தது, நீக்கம் என்று ஒலிபெருக்கி சொல்லிவிட்டது.

தலைக்கவசம் இல்லாமல் குதிரையை உள்ளே விடக்கூடாது என்ற விதி சரியானது. அதை வலியுறுத்தி வருபவர்களில் நானும் ஒருவன். ஆனால் பன்னாட்டுப் போட்டிகளில்கூட மணி அடித்தபின் 45 விநாடி அவகாசம் உண்டு. அது முடிந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்குமே தவிர, அந்தக் கணமே போட்டியாளரை வெளியேற்றிவிடுவதில்லை. நம் பொட்டலில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கத் தோன்றுகிறது. தலைக்கவசம் வாங்க வேண்டிய கடமை சங்கத்தினுடையது; அது இல்லாததற்கான தண்டனையைச் சுமந்தது பிள்ளை.

அதே பந்தலில், அரை மணி நேரத்துக்குள், தலைவர் அவர்களின் உரையைக் கேட்டோம். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் குதிரையேற்ற அணி 41 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் வென்றதையும், அந்த நால்வரில் திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா என இருவர் பெண்கள் என்பதையும் சரியாகவே சொன்னீர்கள். ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சரிநிகராகப் போட்டியிடும் விளையாட்டு இது என்றீர்கள். சிவகங்கைச் சீமையை 1780-இல் மீட்ட வேலு நாச்சியார் குதிரையேற்றம் பயின்றவர் என்பதைச் சொல்லிக் கைதட்டும் பெற்றீர்கள். அப்போது அந்தப் பெண் உங்களுக்கு நாற்பது அடி தூரத்தில் செவலையின் சேணத்தைக் கழற்றி, அதன் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த நால்வரைப் போல நம் பிள்ளைகளும் ஐரோப்பாவுக்குச் சென்று பயில வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேலு நாச்சியாரின் பெயரைச் சொல்லும் மேடைக்கு அருகே இன்னும் நான்கைந்து தலைக்கவசங்கள் இருந்திருக்கலாம்.

அதன் பிறகுதான் தலைமை அறிவிப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை விடுமுறைக்கு வந்துபோகும் ஒரு பிள்ளைக்குத் தலைவருக்கான பட்டையை அணிவித்தீர்கள். திருப்பெருந்துறைக்கு அருகில் வாழும் நமக்கு, நரிகள் ஒரே நாளில் பரிகளான கதை புதிதில்லை. விருந்தினர் ஒரே நாளில் தலைவரானதைத்தான் இப்போது புதிதாகப் பார்த்தோம். இப்படி எழுதிய பிறகு அந்தப் பிள்ளையை நினைத்து மனம் சங்கடப்படுகிறது. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நல்ல பிள்ளை, குதிரையிடம் பதமாக நடந்துகொள்கிறான். பட்டை அணிவித்தபோது அவன் முகத்திலும் குழப்பம்தான் தெரிந்தது. நான் குறை சொல்வது அவனை அங்கே நிறுத்திய கைகளை.

இளையோர் அணித் தலைவர் என்பது வெறும் பட்டை அன்று. மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசும் உரிமை, வெளியூர்ப் போட்டிக்கு யார் எந்தக் குதிரையில் போவது என்பதில் கருத்துச் சொல்லும் உரிமை, சின்னப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தடைகளுக்கிடையே நடந்து காலடி எண்ணிக் காட்டும் பொறுப்பு, ஏறுமுன் ஒவ்வொரு சேணத்தின் வயிற்று வாரையும் இழுத்துப் பார்க்கும் பொறுப்பு, இவையெல்லாம் அதில் அடங்கியவை. ஆண்டில் பத்து மாதம் ஊரில் இல்லாதவர் இவற்றை எப்படிச் செய்வார்? கடைசியில் ஊரில் இருக்கும் பிள்ளைதான் செய்யும், பெயர் மட்டும் வேறொருவருக்குப் போகும். கல்லூரி விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ள அந்த ஒரு வரி யாருக்கு அதிகம் தேவைப்படுகிறது என்பதையும் நீங்கள் அறிவீர்கள்.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். லாயத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் அந்த நீள நோட்டைப் பிள்ளைகளே எழுதுகிறார்கள். யார் எத்தனை மணிக்கு வந்தார், எந்தக் குதிரை எவ்வளவு தண்ணீர் குடித்தது, கொள்ளு எத்தனை படி, எந்தக் காலில் சூடு தெரிகிறது, லாடம் அடித்து எத்தனை வாரம் ஆயிற்று என்று எல்லாம் அதில் இருக்கும். கார்த்திகையில் ஓர் இரவு எழுதப்பட்ட பக்கத்தை மட்டுமாவது படித்துப் பாருங்கள். வெள்ளைக் குதிரைக்கு அன்று வயிற்று வலி. குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது வெளியேற வேறு வழி இல்லாததால், மாட்டுக்குச் சாதாரணமாகப் போய்விடும் உபாதை குதிரையின் உயிரைக் கொண்டுபோய்விடும். அது திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்ப்பதை அந்த 15 வயதுப் பெண்தான் கண்டாள். நின்றிருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டிய நாடி 60-ஐத் தாண்டிவிட்டது என்று எண்ணிச் சொன்னாள். எனக்கும் கால்நடை மருத்துவருக்கும் தகவல் சொல்ல ஒரு பையனை அனுப்பினாள், தீவனத்தை எடுத்துவிடச் சொன்னாள், குதிரை விழுந்து புரளாதபடி ஆளுக்குக் கால் மணி நேரம் என்று முறை வைத்து மெல்ல நடத்தச் செய்தாள். தந்தைக்குச் சொல்லி அனுப்பி அவரையும் லாயத்தில் துணைக்கு உட்காரவைத்திருந்தாள். மருத்துவர் வந்து ஊசி போட்டார். விடியற்காலை நான்கு மணி வரிக்கு நேராக, சாணி போட்டது என்று இரண்டே சொல் எழுதியிருக்கிறாள். அந்த வரியைப் படித்துத்தான் நீங்கள் தலைவரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

நம் பக்கத்து ஊர்களில், ஐயனாருக்கு மண் குதிரை சுமந்து செல்லும் புரவியெடுப்பு எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊர் கூடி, அனைவரும் பார்த்திருக்கப் பிடிமண்ணாக ஒரு பிடி மண் கொடுத்த பிறகே, மண் வேலை செய்யும் வேளார் குதிரை செய்யத் தொடங்குகிறார். யார் சுமப்பது, யாருக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் ஊரறிய நடக்கிறது. அதிலும் சண்டை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுட்ட மண் குதிரைக்கே இத்தனை முறைமை வைத்திருக்கும் மண்ணில், உயிருள்ள குதிரையைப் பேணும் பிள்ளைகளுக்குத் தலைவர் யார் என்பதை ஓர் அறைக்குள் முடித்துவிட்டு வந்தீர்கள். போட்டி அறிவிப்புகூட நன்கொடையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் முதலில் வந்தது; லாயத்துப் பலகையில் ஒட்டப்பட்டபோது பெயர் கொடுக்க இரண்டு நாளே மீதியிருந்தன. நன்கொடை இல்லாமல் குதிரை சாப்பிடாது என்று செயலர் சொல்வார். உண்மைதான். ஆனால் நன்கொடை விடியற்காலையில் எழுந்து சாணி அள்ளுவதில்லை. இந்த ஊரில் எதற்கும் கொடுத்தவர் பெயர்தான் கல்லில் இருக்கும், செய்தவர் பெயர் இருக்காது. பூட்டிக் கிடக்கும் வீடுகளின் திண்ணையிலிருந்து கோயில் மண்டபம் வரை… இருக்கட்டும், அது வேறு பேச்சு.

கோபத்தில் எழுதிய வரிகள் எவையேனும் இருந்தால் பொறுத்தருளுங்கள். இந்தச் சங்கம் இல்லையென்றால் எங்கள் பிள்ளைகள் குதிரையைக் கோயில் வாசலில் மட்டுமே பார்த்திருப்பார்கள்; அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. அந்த நன்றியோடுதான் பணிவாகக் கேட்கிறேன்: பங்குனி மாதக் கூட்டத்தில், இளையோர் அணித் தலைமையை லாயத்துப் பதிவேட்டைப் பார்த்து மறுபடி முடிவு செய்யுங்கள். பதிவேட்டில் முன்நிற்கும் மூன்று பெயர்களை எடுத்து, அவர்களில் ஒருவரைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். இப்போது பட்டை பெற்ற பிள்ளையை அவமானப்படுத்த வேண்டாம். அவனுக்கு விருந்தினர் பிரிவில் ஒரு பொறுப்புக் கொடுங்கள், அவனும் மகிழ்வான். அடுத்த போட்டிக்கு முன் ஐந்து தலைக்கவசங்கள் வாங்கிவிடுங்கள். ஒன்றுக்கான பணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து இத்துடன் செயலரிடம் கொடுத்திருக்கிறேன்; ரசீது போதும், கல்வெட்டு வேண்டாம். போட்டி அறிவிப்பை இரண்டு வாரத்துக்கு முன்பே லாயத்துப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்ப வேண்டாம். காலை வேளையில் பிள்ளைகளுக்கு அது தேவைப்படும். உங்களில் ஒருவர் நாளைக் காலை ஆறு மணிக்கு லாயத்துக்கு வந்தால் அங்கேயே பார்க்கலாம். அந்தப் பெண் ஐந்தரைக்கே வந்திருப்பாள். நீங்கள் வந்த நேரத்தையும் அவள் அதில் எழுதிக்கொள்வாள்.

இப்படிக்கு,
உங்கள் லாயத்தில் குளம்பு பார்க்கும் ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்