இணையச் செய்தியிலும் ‘திருத்தம்’ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அச்சு நாளிதழ் ஒன்றில் நீண்ட காலம் பிழைதிருத்துநராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். இணையப் பதிப்புகளில் வெளியான செய்தி பின்னர் சத்தமின்றி மாற்றப்படுவது குறித்து எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தனர். அப்போது பெங்களூருவில் மகன் வீட்டில் இருந்த நான், பாளையங்கோட்டையில் கழுத்தளவு தண்ணீர் என்று ஒரு செய்தித் தளம் வெளியிட்ட படத்தைப் பார்த்துப் பதறினேன். என் தங்கை குடும்பம் அங்குதான் இருக்கிறது. செல்பேசியில் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. படத்தைப் பெரிதாக்கியபோது, பாதி மூழ்கி நின்ற ஆட்டோவின் பதிவெண் 09 என்று தொடங்குவது தெரிந்தது. நெல்லை வண்டி என்றால் 72 இருக்க வேண்டும், 09 சென்னையுடையது. கூகுள் லென்ஸில் அந்தப் படத்தைத் தேடியதும், 2015 சென்னை வெள்ளத்தின்போது வெளியான பக்கங்கள் வரிசையாக வந்தன. இதற்கு எனக்கு ஆன நேரம் இரண்டே நிமிடம்.

மாலையில் மீண்டும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். படம் மாறியிருந்தது, தலைப்பில் கழுத்தளவு முழங்காலளவாக இறங்கியிருந்தது, வெளியிட்ட நேரம் மட்டும் காலை நேரமாகவே இருந்தது. தவறு நேர்ந்ததாக ஒரு வரி இல்லை. அவர்கள் கொடுத்திருந்த மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை. எங்கள் காலத்தில் மட்டும் எல்லோரும் யோக்கியர்களாக இருந்தோம் என்று சொல்ல வரவில்லை. அச்சாகிப் போன தாளைத் திரும்ப வாங்க முடியாது என்பதால், மறுநாள் ‘திருத்தம்’ என்று பெட்டி கட்டிப் போடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

வெள்ள நேரத்து அவசரத்தில் தவறு நேரக்கூடும் என்பதை நான் அறிவேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போதே எடுக்கப்பட்ட நாளும் இடமும் படத்திலிருந்து நீங்கிவிடுவதால், பெயர்ப்பலகை, வண்டி எண், கட்டடம், பேச்சின் வட்டாரச் சாயல் ஆகியவற்றைக் கொண்டுதான் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. காணொளி என்றால், இன்விட் போன்ற கருவியால் காட்சிகளைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்துத் தேடலாம். 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பரவியவை வேறு சம்பவங்களின் காணொளிகள் என்று காவல்துறை மறுத்தது. அவற்றை நம்பி வட மாநில ஊடகங்கள் சிலவும் செய்தி வெளியிட்டிருந்தன.

இதைவிடச் சிக்கலானது ‘நியூஸ் கார்டு’. தளத்தில் செய்தியைத் திருத்திவிடலாம். ஆனால் தலைப்பும் இலச்சினையும் பதித்த அந்த அட்டை அதற்குள் நூறு குழுக்களுக்குப் போயிருக்கும். திருத்தத்தையும் அதே வடிவில், அதே பக்கங்களில் வெளியிட்டால்தான் முதல் அட்டையைப் பார்த்தவர்களில் சிலரையாவது அது சென்றடையும்.

இணையச் செய்தி மீதான புகாருக்கு 15 நாள்களில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கூறின. அவ்விதிகளில் செய்தித் தளங்களுக்கென வகுக்கப்பட்ட நெறிமுறையைக் கட்டாயமாக்கும் பிரிவுகளை அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பிழைதிருத்துநர் வேலைக்கு அரசு வருவதை நானும் விரும்பவில்லை. அந்த வேலை ஆசிரியர் குழுவினுடையது.

எனவே, தங்கள் இணையப் பதிப்பிலாவது, மாற்றப்பட்ட ஒவ்வொரு செய்தியின் அடியிலும் முதலில் இருந்தது என்ன, மாற்றியது என்ன, எந்த நேரத்தில் என்று மூன்று வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த 09 ஆட்டோ படம், பாளையங்கோட்டை என்ற தலைப்போடு, எங்கள் உறவினர் குழுவில் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர் ஒருவர்,
திருநெல்வேலி.