கேட்டதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலம் படித்தால் புரிகிறது, எழுதவும் ஓரளவு வருகிறது, யாராவது பேசினால்தான் ஒன்றும் பிடிபடவில்லை என்று மாணவர்கள் வந்து நிற்கும்போதெல்லாம், 'நிறைய கேளுங்கள், காது பழகிவிடும்' என்றுதான் நானும் பல வருடம் சொல்லிவந்தேன். சரி, காது பழகுகிறது. புரிந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஊகத்திலேயே மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

இப்போது என் வகுப்பில் ஒலிப்பதிவை இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மேடையில் பேச்சாளர் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பவர் செய்வதைப் போல, கேட்டதை உடனே தமிழில் சொல்லச் சொல்கிறேன். எழுத்து வடிவத்தைக் கண்ணில் காட்டுவதில்லை. அன்றைக்கு ஒரு மாணவி, 'ஹி ஷுட் ஹேவ் டோல்ட் மி' என்பதைக் கேட்டுவிட்டு, 'அவர் என்கிட்ட சொன்னார்' என்றாள். வேகமான பேச்சில் 'ஷுட் ஹேவ்' என்பது 'ஷுடவ்' என்று சுருங்கிவிடும், அவள் காதில் நின்றது கடைசி இரண்டு சொல் மட்டும். சொல்லியிருக்க வேண்டும், ஆனால் சொல்லவில்லை என்பது பொருள், அதாவது நேர் எதிர். எழுதிக் காட்டியிருந்தால் அவள் தவறியிருக்கவே மாட்டாள். மறுபடி மறுபடி போட்டோம், மூன்றாவது முறை 'ஐயோ, சொல்லவே இல்லையா!' என்றாள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் குழம்புவது, 'கான்ட்' என்பதில் கடைசி ஒலி விழுங்கப்பட்டு 'முடியும்' என்று கேட்பது, எல்லாம் இப்படித்தான் வெளியே வருகின்றன.

இன்னொன்று, ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும், நமக்கு அது கடைசியில் வரும். சொல்லுக்குச் சொல் துரத்தினால் பாதியில் திக்கி நிற்க வேண்டியதுதான், அதனால் முழுக் கருத்தையும் சில நொடி மனத்தில் பிடித்து வைத்து அப்புறம் நம் வரிசையில் இறக்க வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தில் கேட்கும் திறன் வளர்வது அந்தச் சில நொடிகளில்தான். கையில் தாள் இருக்கலாம், ஆனால் எண், பெயர், கூடியதா குறைந்ததா என்று காட்ட ஓர் அம்புக்குறி, இவை போதும். முழு வாக்கியமாக எழுத உட்கார்ந்தால் அடுத்த வாக்கியம் போய்விடும்.

பேச்சு ஓடும்போதே கூடவே மொழிபெயர்க்கும் முறையை மாணவர்களிடம் கொண்டுபோக வேண்டாம். ஐ.நா. கூட்டங்களில் அதைச் செய்யும் தொழில்முறை ஆட்களே ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்கிறார்கள். நிறுத்தி நிறுத்திச் சொல்வதே பத்து நிமிடத்தில் பிள்ளைகளைக் களைப்பாக்கிவிடுகிறது, அதற்கு மேல் இழுக்காதீர்கள். எழுத்தில் பார்த்தால் எளிதாகப் புரியும் பேச்சையே எடுங்கள், புதுச் சொற்கள் நிறைந்திருந்தால் காதின் குறையா சொல்வளத்தின் குறையா என்றே தெரியாது.

ஆங்கில வகுப்பில் தமிழா என்று முகம் சுளிக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: புரியாததை ஆங்கிலத்தில் அப்படியே திருப்பிச் சொல்லிவிட முடியும், தமிழில் சொல்ல முடியாது. கேட்டல் தேர்வுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவர்கள், கேட்டதைத் தமிழில் சொல்லும்படி ஒரே ஒரு கேள்வியையாவது சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்